விமானிப் பயிற்சிக்குப் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பும் முன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், ஜூஜுவாடியிலும் ஓசூரின் மற்றப் பகுதிகளிலும் உள்ள நம் வீடுகளில் வழக்கமாக எழும் கேள்விகள் நமக்குத் தெரியும். பொறியியலா, மருந்தியலா, செவிலியர் படிப்பா, சிப்காட் நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பணியா என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அண்மைக் காலமாக அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மகனோ மகளோ விமானி ஆக வேண்டும் என்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த ஒரு கல்லூரியின் விளம்பரத்தைப் பெற்றோர் முன் நீட்டுகிறார்கள். பெற்றோரில் ஒரு சாரார், "அவ்வளவு தூரமா? வேண்டாம்" என்று அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார், "பக்கத்தில் பெங்களூரிலேயே இருக்கிறதே" என்று அவசரமாக முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இரு சாராரும் முடிவை அளப்பது கிலோமீட்டர் கணக்கில்தான். அந்த அளவுகோல் தவறானது என்பதே இங்கு நாம் சொல்ல விரும்புவது.

தூரம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பிறகு வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே வாழ்கிறார்கள். வாசலைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே மாநிலமே மாறிவிடுகிறது. ஒரே தெருவில் தமிழும் உருதுவும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன. இருபது வயதில் ஒரு முகவரின் வாய்ச்சொல்லை நம்பி ரியாத்துக்கும் துபாய்க்கும் அண்ணனை வழியனுப்பிய குடும்பங்கள், பதினெட்டு வயதுத் தம்பியைப் படிப்புக்காக உத்தரப் பிரதேசத்துக்கு அனுப்பத் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தின் வேர் தூரத்தில் இல்லை. அந்தப் படிப்பைப் பற்றி நம்மிடம் கேட்டறிய ஆள் இல்லாததே காரணம். வளைகுடா வேலையைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துப் பேர் உண்டு. விமானிப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே, எதை வாங்குவதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை முதலில் புரிந்துகொள்வோம். இந்தியாவில் ஒருவரை விமானி ஆக்குவது பட்டம் அன்று, உரிமம். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. வணிக விமானி உரிமத்தைத் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. அதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். முதல் நிலை மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். வான்வழிச் செலுத்துமுறை, வானிலையியல், விமானச் சட்ட விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வானொலித் தொடர்புக்கான தனிச் சான்றும் வேண்டும். இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவரிடமே இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பி.எஸ்சி. ஏவியேஷன் பட்டம் எங்குமே இல்லை.

அப்பட்டம் வீண் என்பது நம் கருத்தன்று. பட்டமும் உரிமமும் சேர்த்து வழங்கும் ஏற்பாடுகள் உண்மையாகவே உள்ளன. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் உள்ள ஃபுர்சத்கஞ்சில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கி வருகிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் அங்கே சேர முடியும். பறக்கும் பயிற்சியோடு விரும்பியவர்கள் பட்டமும் பெறலாம். ஆனால் பல ஊர்களில் விற்கப்படும் 'ஏவியேஷன்' பட்டப்படிப்புகள் விமான நிலைய மேலாண்மை, பயணிகள் சேவை போன்றவற்றைக் கற்பிப்பவை. பறக்கும் பயிற்சிக்குத் தனிக் கட்டணம், தனி நிறுவனம், தனி ஊர். மூன்று ஆண்டுகள் கட்டணம் கட்டி முடித்த பிறகே, மகன் இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பறக்கவில்லை என்று சில குடும்பங்களுக்குத் தெரியவருகிறது. சேரும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளியது: "உங்கள் பெயர் டிஜிசிஏ அங்கீகரித்த பறக்கும் பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் உண்டா?" அந்தப் பட்டியலை டிஜிசிஏவின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

பட்டியலில் இருந்தாலும் விசாரணை முடிந்துவிடுவதில்லை. 200 மணி நேரம் என்பதை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஒரு மாணவர் மாதத்துக்கு 15 மணி நேரம் பறந்தால் பதினான்கு மாதங்களில் முடியும். 5 மணி நேரமே கிடைத்தால் நாற்பது மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் விடுதி வாடகை, உணவு, கைச்செலவு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். விமானங்கள் பழுதாகி நிற்பது, பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விடுவது, ஒரு விமானத்துக்கு அளவுக்கு மீறி மாணவர்களைச் சேர்ப்பது, வானிலை என இழுபறிக்குக் காரணங்கள் பல. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் காலைப் பறப்புகள் முடங்கும். தென்னாட்டில் பருவமழை அதே வேலையைச் செய்யும். எனவே ஒரு பள்ளியிடம் கேட்க வேண்டியது கட்டடத்தின் அழகையோ சீருடையின் மிடுக்கையோ பற்றியன்று. சென்ற ஆறு மாதங்களில் மாணவர் ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார், பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, கடைசியாக உரிமம் பெற்றவர் எத்தனை மாதங்களில் பெற்றார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். நேரில் போய், விடுதியில் உள்ள மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்தில் எவ்வளவு விசாரிக்கிறோம்! அதில் பாதியாவது இங்கே விசாரிக்க வேண்டாமா?

2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாகப் பயிற்சி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. 35 நிறுவனங்கள் மதிப்பிடப்பட்டன. உயர்ந்த நிலைகளான 'ஏ பிளஸ்', 'ஏ' வரிசைகளில் ஒன்றுகூட இடம்பெறவில்லை. 13 நிறுவனங்கள் 'பி', எஞ்சிய 22 'சி'. ஆண்டுக்கு இருமுறை இந்த வரிசை புதுப்பிக்கப்படும் என அறிவித்திருக்கிறார்கள். நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பே இவ்வாறு சொல்லியிருக்கும்போது, அண்டை வீட்டார் சொன்னார், உறவினர் சொன்னார் என்று ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. அருகில் இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பெங்களூரின் ஜக்கூரில் கர்நாடக அரசின் பயிற்சிப் பள்ளி 1948 முதல் இருக்கிறது. சேலம் விமான நிலையத்திலும் பயிற்சி நிறுவனத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் கோந்தியாவில் பெரிய நிறுவனம் ஒன்று உள்ளது. எல்லாவற்றிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். கோந்தியாவின் பதில் நன்றாக இருந்தால் கோந்தியாவுக்கே அனுப்புங்கள்.

நம் ஊருக்கு அருகாமை உதவும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அதைத்தான் நாம் பயன்படுத்துவதில்லை. பயிற்சியின் முதல் படி மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். இந்திய விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகமும் அங்கே பழைய விமான நிலையச் சாலையில்தான் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறி முதல் நிலைப் பரிசோதனைக்கு அங்கே வருகிறார்கள். ஜூஜுவாடியிலிருந்து அது பேருந்துப் பயணத் தொலைவு. நிறக்குருடு இருப்பது பலருக்குத் தமக்கே தெரியாது. இதயத் துடிப்பில், செவித்திறனில் உள்ள சிறு குறைகளும் அப்படித்தான். கண்ணாடி அணிவது தடையன்று, திருத்திய பார்வை சரியாக இருந்தால் போதும். இதையெல்லாம் சில ஆயிரம் ரூபாயில் அறிந்துகொள்ள வழியிருக்க, பத்து லட்சம் கட்டிய பிறகு அறிவானேன்? எழுத்துத் தேர்வுகளும் அவ்வாறே. வீட்டிலிருந்தபடியே படித்து, சில தாள்களையாவது எழுதித் தேறிய பிறகு பறக்கும் பள்ளிக்குப் போகலாம். ஓராண்டு அதற்குச் செலவானால் அது நட்டமில்லை. பிள்ளையின் ஆர்வம் உண்மையானதா, ஒரு திரைப்படம் தந்த மயக்கமா என்பதையும் அந்த ஓராண்டு காட்டிவிடும்.

இனிப் பணம். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை இதுவே கனமான பகுதி. உள்நாட்டில் உரிமம் பெற ஏறத்தாழ ஐம்பது லட்சம் ரூபாய் ஆகிறது. விமான நிறுவனங்கள் நடத்தும் கேடட் திட்டங்களில் சேர்ந்தால் ஒரு கோடியைத் தாண்டும். உரிமம் கிடைத்த பிறகு, ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனித் தகுதிப் பயிற்சி வேண்டும். அதற்கு மேலும் பல லட்சங்கள். வங்கியில் ஐம்பது லட்சத்தைப் பத்து ஆண்டுகளுக்கு 10 விழுக்காடு வட்டியில் வாங்கியதாகக் கணக்கிட்டால், மாதத் தவணை 66,000 ரூபாய். வட்டி மட்டும் 29 லட்சத்தைத் தாண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. இடையில் கொரோனா வந்தது. அந்த நாள்களில் அனுபவம் மிக்க விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள் என்றால் 200 மணி நேரத்தோடு வந்த புதியவரின் கதி என்ன? 2025 டிசம்பரில் புதிய ஓய்வு நேர விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை ரத்து செய்தபோது, "பார்த்தீர்களா, விமானிகளுக்குப் பஞ்சம்" என்று பயிற்சித் தரகர்கள் மகிழ்ந்தார்கள். அதை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். இன்று சேர்பவர் உரிமம் பெற்று வெளியே வரும் ஆண்டில் சந்தை எப்படியிருக்கும் என்று எந்தத் தரகருக்கும் தெரியாது.

வட்டி பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்கள் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கின்றன என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கல்விக்கடன் நிர்ப்பந்தம் என்ற விதிவிலக்கில் அடங்குமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பசியும் உயிரும் பற்றிய நிர்ப்பந்தத்தையும், விமானி ஆக வேண்டும் என்ற விருப்பத்தையும் ஒரே தட்டில் வைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. இது மார்க்கத் தீர்ப்பன்று, நம் கருத்து. தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள், ஆனால் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். டாம்கோ வழியாகக் கிடைக்கும் கல்விக்கடனின் வட்டி மிகக் குறைவுதான் என்றாலும், அதுவும் வட்டியே. நபி (ஸல்) அவர்கள் தம் துஆக்களில் கடன் சுமையிலிருந்து பாதுகாப்புத் தேடியவர்கள். கேட்பாரற்று அந்தச் சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது தந்தையின் அன்பாகுமா?

வேறு வழிகள் இருக்கின்றன, அவை மெதுவானவை. உறவினர்களும் ஜமாஅத்தும் சேர்ந்து தரும் அழகிய கடன் ஒன்று. முதலில் சாதாரணப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலை செய்து, சேமித்த பணத்தோடு பறக்கப் போவது இன்னொன்று. பொறியியல் முடித்து வேலை பார்த்த பின் விமானி ஆனவர்கள் நாட்டில் பலர். செலவே இல்லாத வழியும் உண்டு. கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் தேர்வை எழுதி விமானப்படையில் சேர்ந்தால் அரசே பறக்கக் கற்றுத்தருகிறது. 2022 முதல் மாணவியரும் அங்கே சேர்க்கப்படுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்தத் தேர்வுப் பக்கமே போவதில்லை. விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கோரிய வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுப்புத் தீர்ப்பு அளித்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதை எடைபோட வேண்டியவர்கள் அந்தந்தக் குடும்பத்தார். வானில் பறக்காமலே வான்துறையில் வாழ விரும்புகிறவர்களுக்கு, இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் படித்தோ பொறியியல் படித்தோ எழுதலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். புளோரிடாவின் எம்ப்ரி ரிடில், வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகம் ஆகியவை பட்டத்தையும் பறத்தலையும் ஒரே கூரையின் கீழ் நன்றாகவே கற்பிக்கின்றன. அங்கே ஒரு காரணம் வலுவாக உண்டு: விமான நிறுவனத்தில் சேர 1,500 மணி நேரம் கேட்கும் அந்நாடு, இத்தகைய பட்டம் பெற்றவர்களுக்கு அதை 1,000 மணி நேரமாகக் குறைக்கிறது. ஆனால் அச்சலுகை அங்கேயே வேலை செய்ய உரிமை உள்ளவர்களுக்குப் பயன்படுவது. படித்துவிட்டு நாடு திரும்பும் மாணவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. இங்கே வந்து டிஜிசிஏ தேர்வெழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வெறும் பறக்கும் பயிற்சிக்கு மட்டும் அங்கே போவது வேறு. நான்கு ஆண்டுப் பட்டத்துக்குக் கோடிகளைக் கொட்டுவது வேறு.

தொலைவில் தீன் என்னவாகும் என்ற கவலை நியாயமானது. ஆனால் அதையும் விவரத்தோடு கவலைப்படுவோம். ஹனஃபி மத்ஹபின்படி ஓரிடத்தில் பதினைந்து நாள்களோ அதற்கு மேலோ தங்க எண்ணியவர் பயணி அல்லர். விடுதியில் தொழுகையைச் சுருக்காமல் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில் அந்த எல்லை நான்கு நாள்கள். இதுகூடத் தெரியாமல் ஈராண்டுகள் கஸ்ர் தொழுதுகொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். ரமளானில் பறப்பது இன்னொரு கேள்வி. தாகமும் சோர்வும் கவனத்தைக் குலைத்தால் ஆபத்து அவருக்கு மட்டுமன்று. நெடுந்தூரம் பறந்து செல்பவருக்குப் பயணியின் சலுகை உண்டு. அதே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி இறங்கும் மாணவர் பயணியா? இதை இமாமிடம் கேளுங்கள். அவரும் ஆர்வத்தோடு நூல்களைப் புரட்டுவார். ஜும்ஆவுக்கு அருகில் பள்ளிவாசல் உண்டா, விடுதிச் சமையலில் ஹலால் உணவுக்கு வழியுண்டா என்பதை நேரில் போகும்போதே பார்த்துவிடலாம். ஃபுர்சத்கஞ்சைச் சுற்றியுள்ள அவத் பகுதி நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழும் மண். நாம் நினைப்பது போல் அது அந்நிய நாடன்று.

மகள் என்றால் பேச்சே மாறிவிடுகிறது. மஹ்ரம் இல்லாத பயணம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாதுகாப்பான வழியும் நம்பகமான தங்குமிடமும் இருந்தால் அனுமதிப்போரும், அனுமதிக்காதோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தான் நம்பும் ஆலிமைக் கேட்டு நடக்கட்டும். ஆனால் "நம் பெண்களுக்கு இது ஆகாது" என்று மார்க்கத்தின் பெயரால் பொதுவாகச் சொல்லிவிடுவதை நாம் ஏற்பதில்லை. ஐதராபாத் பழைய நகரத்தின் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகளான சையதா சல்வா ஃபாத்திமா 2007இல் பயிற்சியில் சேர்ந்து 2013இல் உரிமம் பெற்றார். அவருக்குக் கைகொடுத்தது 'சியாசத்' உருது நாளிதழ். அடுத்த கட்டப் பயிற்சிக்குத் தெலங்கானா அரசு உதவியது. சொந்த ஊரிலேயே ஆந்திரப் பிரதேச விமானக் கழகத்தில் பயின்றும் ஆறு ஆண்டுகள் ஆயின என்பதையும் கவனியுங்கள். நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரின் சாரா ஹமீது அஹ்மதோ அமெரிக்கா சென்று பயின்று வந்தார். இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு; உலகச் சராசரியைப் போல் சுமார் மூன்று மடங்கு.

நம் மேடைகளில் ஒன்பதாம் நூற்றாண்டில் கொர்தோபாவில் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் பெயர் முழங்காத ஆண்டு விழா இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த விழாவின் பந்தல் செலவில் நான்கு பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்துவிடலாம். ஐதராபாத்தில் ஒரு நாளிதழ் செய்ததை ஓசூர், கிருஷ்ணகிரி ஜமாஅத்துகள் சேர்ந்து செய்ய முடியாதா? ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளை போதும். மருத்துவத் தகுதியும் எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சியும் பெற்று வருபவருக்கு மட்டும், பறந்து முடித்த மணிக்கணக்கைப் பார்த்துத் தவணை தவணையாக, வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். வேலைக்குச் சேர்ந்தபின் அவர் திருப்பித் தருவது அடுத்த பிள்ளைக்கு. ஜகாத்திலிருந்து இதற்குக் கொடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால், தனி நிதியாகவே திரட்டுவது நல்லது.

"ஓசூருக்கே விமான நிலையம் வரப்போகிறதே, அதுவரை பொறுப்போம்" என்று சிலர் சொல்கிறார்கள். 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தது உண்மை. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறொன்று கூடாது என்ற ஒப்பந்தம் குறுக்கே நிற்பதும் உண்மை. தளி சாலையில் பெலகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் தலைமாட்டிலேயே இருக்கிறது. அதனால் நம் தெருவில் எத்தனை விமானிகள் உருவானார்கள்?

வணிகவியல் பிரிவு எடுத்துவிட்டு இப்போது விமானி ஆக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் தனியாக எழுதித் தேறலாம். பதினோராம் வகுப்புக்குப் பாடப்பிரிவு தேர்வு செய்யும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் இந்தச் செய்தியை இப்போதே சொல்லிவிடுங்கள்.